குழந்தையின் தாடைக் கட்டி: காத்திருப்பதா, ஊசியா, கத்தியா?

ஆறு வயதுக் குழந்தையின் கீழ்த்தாடை இரண்டு பக்கமும் உப்பிக்கொண்டே போகிறது. பயாப்சி ரிப்போர்ட்டில் ‘ஜயன்ட் செல்’ என்று வந்திருக்கிறது. கேன்சர் இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். அப்புறம் வீட்டில் எழுவது ஒரே கேள்விதான்: “ஒரேயடியா வெட்டி எடுத்துட்டா முடிஞ்சிடுமா டாக்டர்?”

குடியாத்தத்தில் பல் மருத்துவம் பார்ப்பவன் நான். பல் ஆடுகிறது, கன்னம் வீங்குகிறது என்று என்னிடம் வந்து, எக்ஸ்ரேயில் தாடை முழுக்க தேன்கூடு மாதிரி ஓட்டைகளைப் பார்த்து, வேலூருக்கு அனுப்பிவைத்த குடும்பங்கள் திரும்பி வந்து கேட்பதும் இதைத்தான். பெரிய ஆஸ்பத்திரியில் நாலைந்து வழிகளைச் சொல்லி, ‘வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்’ என்று அனுப்பியிருப்பார்கள். அந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டியை எது வேகமாகச் சுருக்கும் என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அந்தச் சிகிச்சை பலிக்காவிட்டால் அடுத்த வழி மிச்சம் இருக்குமா? அதை நிறுத்தும் நாளில் என்ன ஆகும்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் வாங்காமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஆறு வயதுத் தாடை இன்னும் பத்து வருடத்துக்கு மேல் வளரப்போகிற தாடை. பெரியவர்களுக்குச் செய்வதை அளவு குறைத்து அதற்குச் செய்துவிட முடியாது.

முதலில் நோயின் பெயர்

‘ஜயன்ட் செல்’ என்பது நோயின் பெயரே இல்லை. மைக்ராஸ்கோப்பில் தெரிந்த காட்சி, அவ்வளவுதான். பல உட்கருக்கள் கொண்ட பெரிய பெரிய செல்கள் எலும்பைத் தின்றுகொண்டிருக்கின்றன என்று அதற்கு அர்த்தம். இதே காட்சி, தாடை இரண்டு பக்கமும் உப்பும் பரம்பரை நோயான செரூபிசத்திலும் தெரியும், தனியாக வரும் ஜயன்ட் செல் கிரானுலோமாவிலும் தெரியும். நூனன் சிண்ட்ரோம், நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற மரபணு நோய்கள் உள்ள குழந்தைகளின் தாடையிலும் வரலாம். கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியிலிருந்து ஹார்மோன் அதிகமாகச் சுரந்து எலும்பு அரிக்கப்படும்போதும் அச்சு அசலாக இதேதான் தெரியும். பயாப்சியை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றைப் பிரிக்க முடியாது.

அதனால் கத்தி, ஊசி எல்லாவற்றுக்கும் முன்னால் ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், கிரியாட்டினின், பாராதைராய்டு ஹார்மோன் பார்த்தாக வேண்டும். கால்சியம் டெஸ்ட் எந்த ஊர் லேபிலும் எடுக்கக்கூடியது. கோளாறு பாராதைராய்டில்தான் என்றால் சிகிச்சை செய்யவேண்டிய இடம் கழுத்து. அங்கே சரியானால் தாடையில் உள்ளது பெரும்பாலும் தானாக ஆறிவிடும். இதைப் பார்க்காமல் தாடையைச் சுரண்டிவிட்டு, ‘திரும்ப வந்துவிட்டது’ என்று வருந்துவதில் பயனில்லை. இதிலேயே இன்னொரு வகை உண்டு. சிடிசி73 என்ற மரபணுவில் பழுது இருந்தால் பாராதைராய்டு கட்டியும் வரும், தாடையில் ஆசிஃபையிங் ஃபைப்ரோமா என்ற எலும்புக் கட்டியும் வரும். இந்தத் தாடைக் கட்டி கால்சியம் சரியானாலும் போகாது; தனியாக எடுக்கத்தான் வேண்டும். அந்தக் குடும்பத்தில் மற்றவர்களுக்கும் கால்சியம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவர்களின் பாராதைராய்டில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

கால்சியம் சரியாக இருந்து, வீக்கம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் செரூபிசம் முன்னுக்கு வரும். 1933-இல் வில்லியம் ஜோன்ஸ் என்ற மருத்துவர் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மூவரிடம் இதைப் பார்த்து எழுதினார். எஸ்எச்3பிபி2 என்ற மரபணுதான் காரணம் என்று 2001-இல் கண்டுபிடித்தார்கள். தாய் அல்லது தந்தை ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சில சமயம் பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகவும் தோன்றும். ஒரே வீட்டில் ஒருவருக்கு முகமே மாறிப்போயிருக்கும், இன்னொருவருக்கு எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.

எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் நார்த் திசு வளர்ந்து தாடையை உப்ப வைக்கும் ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா வேறு சாதி. அது பரம்பரையாக வருவதில்லை. கரு உருவான பிறகு சில செல்களில் மட்டும் ஜிஎன்ஏஎஸ் என்ற மரபணு மாறிவிடுகிறது. அதனால் ரத்தத்தில் எடுக்கும் மரபணுப் பரிசோதனை ‘நார்மல்’ என்று வந்து ஏமாற்றக்கூடும். சிடி ஸ்கேனில் எலும்பு தேய்த்த கண்ணாடி போலப் புகைந்து தெரிவதுதான் அங்கே பெரிய சாட்சி. கூடவே தோலில் ஓரம் கரடுமுரடான காப்பி நிறத் திட்டுகள், பெண் குழந்தை ஐந்தாறு வயதிலேயே வயதுக்கு வருவது போன்றவை இருந்தால் மெக்கியூன் ஆல்பிரைட் சிண்ட்ரோம். அப்போது ஹார்மோன் மருத்துவரும் கூட இருக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பழைய வட ஆற்காடு ஜில்லாவில் அக்கா மகளைக் கட்டுவதும் அத்தை பையனுக்குக் கொடுப்பதும் இன்னும் இருக்கிறது. பிள்ளைக்கு ‘ஜெனடிக்’ நோய் என்றவுடன் பாட்டியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் வரை “சொந்தத்துல குடுத்ததாலதான்” என்று அந்தத் தாயின் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். சொந்தத் திருமணத்தால் கூடும் நோய்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் செரூபிசமும் ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவும் அந்தக் கணக்கில் வருபவை அல்ல. தூரத்துச் சம்பந்தமாக இருந்தாலும் வந்திருக்கும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சிஎம்சியில் மரபியல் பிரிவு இருக்கிறது. சிகிச்சைக்காக இல்லாவிட்டாலும், இதை அவர்கள் வாயால் குடும்பத்துக்குச் சொல்லக் கேட்பதற்காகவாவது ஒரு நாள் போய்விட்டு வருவது நல்லது.

காத்திருந்து பார்ப்பது

செரூபிசத்துக்கு இதுதான் முதல் வழி, பல குழந்தைகளுக்கு இதுவே போதும். இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் வீக்கம் தலைகாட்டும், பருவமடையும் வரை ஏறும், பிறகு மெல்ல இறங்கும். முப்பது வயதை நெருங்கும்போது பலருக்கு வெளியே தெரியாத அளவுக்கு எலும்பு நிரம்பியிருக்கும். தானாக அடங்கப்போகிற நோய்க்குத் திரும்பப் பெற முடியாத ஆபரேஷன் செய்வது நியாயமா என்பதுதான் இங்கே கேள்வி.

ஆனால் காத்திருப்பது என்றால் வீட்டில் சும்மா இருப்பது இல்லை. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் காட்ட வேண்டும். முழுத் தாடையும் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரேயை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எடுத்தால் போதும். சிடியை அடிக்கடி எடுக்கத் தேவையில்லை, குழந்தைக்குக் கதிர்வீச்சு வீணாக ஏறும். ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், நேராகவும் பக்கவாட்டிலும் மாதம் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் மருத்துவருக்கு அது பெரிய உதவி. தினமும் பார்க்கும் கண்ணுக்கு வளர்ச்சி தெரியாது.

எப்போது பொறுமையை விட வேண்டும்? கண் இரட்டையாகத் தெரிந்தாலோ பார்வை மங்கினாலோ, தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, கீழ் உதடு மரத்துப்போனாலோ, சில வாரங்களில் கட்டி கண்கூடாகப் பெருத்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. கழுத்தில் நெறி கட்டுவது மட்டும் இந்தப் பட்டியலில் சேராது. செரூபிசத்தில் தாடைக்குக் கீழே நெறி கட்டுவது வழக்கம்தான், வயது ஏற ஏற அதுவும் குறையும். நெறி என்றதும் டிபி மாத்திரையை ஆரம்பித்துவிடாமல், உறுதி செய்துகொண்டு முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பது குழந்தை. ‘பதினைந்து வயது வரை பார்க்கலாம்’ என்று மருத்துவர் சொல்லிவிடலாம். நான்காம் வகுப்பில் மற்ற பிள்ளைகளோடு உட்கார வேண்டியது அவன். முகத்தைக் கேலி செய்வதால் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று அடம்பிடிக்கும் நிலை வந்தால், உப்பிய எலும்பை மட்டும் செதுக்கி உருவத்தைச் சீராக்கும் சின்ன ஆபரேஷனைக் கேட்பதில் தவறே இல்லை. அது மறுபடி கொஞ்சம் வளரலாம் என்று தெரிந்தே செய்துகொள்வது வேறு, ‘அழகுக்காகவா ஆபரேஷன்’ என்று பெற்றோரைக் கூச்சப்பட வைப்பது வேறு.

இந்த வழி எல்லோருக்கும் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தனியாக வந்து வேகமாக வளரும் ஜயன்ட் செல் கிரானுலோமா தானாக அடங்கும் என்று நம்பி உட்கார முடியாது. அமெரிக்கத் தாடை அறுவை நிபுணர் லியோனார்ட் கேபனும் அவருடைய சகாக்களும் 1986-இல் வகுத்த அளவுகோல் இன்றும் பேசப்படுகிறது: வலி, வேகமான வளர்ச்சி, ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிய அளவு, பல் வேர் கரைவது, எலும்பின் வெளிச்சுவர் உடைவது, சுரண்டிய பிறகு திரும்பி வருவது. இவை சேரச் சேர அதை ஆக்ரோஷமான வகை என்று எடுத்துக்கொள்கிறார்கள். குழந்தைக்கு இதில் எவை இருக்கின்றன என்று மருத்துவரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

கட்டிக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி

டிரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டை மரத்துப்போகும் மருந்தோடு கலந்து கட்டிக்குள் நேராகப் போடுவது. வழக்கமான முறையில் வாரம் ஒன்று, ஆறு வாரம். எளியது, செலவு குறைவு. பல் போகாது, நரம்பு போகாது. பலிக்கிறது என்றால் உள்ளே எலும்பு படியத் தொடங்கும். அடுத்தடுத்த வாரங்களில் ஊசி உள்ளே இறங்க மறுக்கும். நல்ல சகுனம் அது.

பெரிய, ஆக்ரோஷமான கட்டிகளில் இது மட்டும் போதாமல் போவது உண்டு. சின்னக் குழந்தை ஒவ்வொரு வாரமும் வாயைத் திறந்து காட்டுமா என்பதும் ஒரு கேள்வி. சில பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுத்துத்தான் போட முடியும். உடம்பில் டிபி போன்ற தொற்று ஒளிந்திருந்தால் முதலில் அதைத் தீர்க்க வேண்டும். இத்தனை இருந்தும் எனக்கு இந்த வழி பிடிக்கும். காரணம், இது பலிக்காவிட்டாலும் மற்ற எல்லா வழியும் திறந்தே இருக்கும். இழப்பது இரண்டு மாதம்தான். சின்னக் கட்டி, கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆபத்தில்லை என்றால், இதை முயன்றுபார்க்காமலே பெரிய ஆபரேஷனுக்குப் போகச் சொன்னால் ‘ஏன்’ என்று கேட்பேன்.

டெனோசுமாப்

இப்போது பெற்றோர்கள் போனில் தேடிப் படித்துவிட்டு வந்து அதிகம் கேட்பது இதைத்தான். ‘ஆபரேஷன் இல்லாமல் ஊசியிலேயே கரைந்துவிடுமாமே’ என்கிறார்கள். ஆசை புரிகிறது. இந்த மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறது என்பதால்தான் இதைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

எலும்பைத் தின்னும் செல்களுக்கு உத்தரவு கொடுக்கும் ரேங்க்எல் என்ற புரதத்தை இது பிடித்து வைத்துக்கொள்கிறது. உத்தரவு வராததால் தின்னும் செல்கள் அடங்குகின்றன. வலி குறைகிறது, கட்டி நிற்கிறது, ஓட்டையாக இருந்த இடம் கெட்டியாகிறது. எலும்புத் தேய்மானத்துக்காக 2010-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2013-இல் எலும்பின் ஜயன்ட் செல் கட்டிக்கும் அனுமதி கிடைத்தது, ஆனால் பெரியவர்களுக்கும் எலும்பு வளர்ச்சி முடிந்த பதின்ம வயதினருக்கும் மட்டும். ஆறு வயதுக் குழந்தைக்குப் போடுவது அந்த அனுமதிக்கு வெளியே, மருத்துவர் தன் பொறுப்பில் எடுக்கும் முடிவு. அது தவறு என்று நான் சொல்லவில்லை. அரிய நோய்களில் பாதிச் சிகிச்சை இப்படித்தான் நடக்கிறது. ஆனால் அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் வரும் பிரச்சினை கால்சியம் குறைவது. எலும்பிலிருந்து ரத்தத்துக்கு வரும் கால்சியம் திடீரென்று நின்றுவிடுவதால் விரல் மரத்துப்போகலாம், கை இழுக்கலாம். வைட்டமின் டி குறைபாடு நம் பிள்ளைகளிடம் சாதாரணம்; முதல் ஊசிக்கு முன்பே அதைச் சரிசெய்ய வேண்டும்.

பெரிய பிரச்சினை நிறுத்தும்போதுதான் வருகிறது. மதகை அடைத்த ஏரி மாதிரி, மருந்து இருந்த மாதங்களில் அடக்கி வைக்கப்பட்ட செல்கள் எல்லாம் மருந்தின் பிடி தளர்ந்ததும் ஒரே நேரத்தில் எலும்பைக் கரைக்கக் கிளம்புகின்றன. ரத்தத்தில் கால்சியம் தாறுமாறாக ஏறுகிறது. பெரியவர்களைவிட வளரும் குழந்தைகளுக்கு இது கடுமையாக வருகிறது. ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவுக்காக இந்த மருந்து கொடுக்கப்பட்ட ஒன்பது வயதுச் சிறுவனுக்கு நிறுத்திய பின் இப்படி ஆனதை 2012-இலேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகும் பல குழந்தைகளிடம் பார்த்திருக்கிறார்கள். கடைசி ஊசி போட்டுச் சில மாதங்கள் கழித்து வருவதுதான் இதில் உள்ள கண்ணி. குழந்தை நன்றாக இருக்கிறது, வேலூர் போவது குறைந்துவிட்டது, எல்லோரும் நிம்மதியாக இருக்கும் நேரம் அது.

வாந்தி, வயிற்றுவலி, மலச்சிக்கல், ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்ந்து படுத்துக்கொள்வது. பேர்ணாம்பட்டிலோ ஆம்பூரிலோ பக்கத்துக் கிளினிக்கில் காட்டினால் ‘சாப்பிட்டது ஒத்துக்கவில்லை’ என்று வாந்திக்கு மருந்து கொடுத்து அனுப்புவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அன்றைக்கே கால்சியம் பார்க்காவிட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் டிரிப்ஸ் ஏற்றி, ஸோலெட்ரானிக் ஆசிட் போன்ற எலும்பு மருந்து கொடுத்துக் கட்டுக்குக் கொண்டுவர முடியும். அதனால் இந்த ஊசி போடும் ஒவ்வொரு குழந்தையின் பெற்றோரும், ‘இந்தக் குழந்தை டெனோசுமாப் எடுத்தவன், வாந்தி என்று வந்தால் கால்சியம் பார்க்கவும்’ என்று மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். சிகிச்சையைத் தொடங்கும் நாளிலேயே ‘எப்போது, எப்படி நிறுத்துவீர்கள், நிறுத்திய பின் எத்தனை மாதம் ரத்தம் பார்ப்பீர்கள்’ என்று கேளுங்கள். பதில் தயங்கித் தயங்கி வந்தால் நான் தொடங்க மாட்டேன்.

இன்னொன்று, மருந்து அடக்குவது தின்னும் செல்களைத்தான். அவற்றைக் கூட்டிக்கொண்டு வந்த மூல செல்கள் கெட்டியான எலும்புக்குள் உயிரோடு இருக்கின்றன. நிறுத்தியதும் கட்டி மறுபடி தலைதூக்குவது சாதாரணம். எனவே இதைக் குணப்படுத்தும் மருந்தாகப் பார்க்காமல் காலம் வாங்கித் தரும் மருந்தாகப் பார்ப்பதே சரி. பருவமடைய ஒன்றிரண்டு வருடம் இருக்கும் செரூபிசப் பிள்ளைக்குக் கண்ணை அமுக்குகிறது என்றால் அந்தக் காலம் தங்கம். நான்கு வயதுக் குழந்தைக்கு எத்தனை வருடத்தை இப்படி வாங்க முடியும்?

பல் மருத்துவனாக ஒரு வார்த்தை. ஊசி தொடங்கும் முன் சொத்தைப் பல் எல்லாவற்றையும் அடைத்து முடித்துவிட வேண்டும். மருந்து நடக்கும்போது பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் அபாயம் உண்டு. பல் முளைக்க எலும்பில் வழிவிடுவதும் இதே தின்னும் செல்கள்தான் என்பதால் பல் வருவதும் தாமதப்படலாம்.

மற்ற மருந்துகள்

கால்சிடோனின் மூக்கு ஸ்பிரேயாகவோ தினசரி ஊசியாகவோ கொடுப்பது. பலன் தெரியவே மாதக்கணக்காகும், குமட்டல் வரும். பொறுமை உள்ள குடும்பத்துக்கு ஒரு காலத்தில் நல்ல வழியாக இருந்தது, இப்போது பின்னுக்குப் போய்விட்டது. கட்டியைச் சுரண்டிவிட்டு மிச்சத்தை அடக்க இன்டர்ஃபெரான் ஊசியைத் தினமும் போடுவது பாஸ்டனில் கேபன் கொண்டுவந்த முறை. குழந்தைக்குக் காய்ச்சலும் உடம்பு வலியும் கூடவே இருக்கும்.

இமாட்டினிப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரத்தப் புற்றுநோய்க்கான இந்த மாத்திரையைக் கடுமையான செரூபிசம் உள்ள சில குழந்தைகளுக்குக் கொடுத்து, வீக்கம் குறைந்ததாக எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டில் இதன் விலை தடையே இல்லை. 2006-இல் சென்னை காப்புரிமை அலுவலகம் இதற்குக் காப்புரிமை மறுத்தது, 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதனால் இந்திய நிறுவனங்களின் மாத்திரை மலிவாகக் கிடைக்கிறது. தடை வேறு இடத்தில் இருக்கிறது. பார்த்த குழந்தைகளின் எண்ணிக்கை மிகக் குறைவு, நீண்ட நாள் எடுத்தால் உயரம் வளர்வது மந்தமாகும். மலிவு என்பதற்காக மட்டும் முயல வேண்டாம்.

மூட்டுவாதத்துக்குப் போடும் அடாலிமுமாப் செரூபிசத்தில் எடுபடும் என்று எலிகளை வைத்து நம்பிக்கை பிறந்தது. குழந்தைகளிடம் அது பலிக்கவில்லை. அடங்கிக் கிடக்கும் டிபியைக் கிளப்பிவிடும் குணமும் அதற்கு உண்டு. கதிர்வீச்சுச் சிகிச்சை இந்த நோய்கள் எதற்கும் வேண்டாம். பிற்காலத்தில் அந்த இடத்திலேயே புற்றுநோய் வரலாம்.

சுரண்டுவதும் வெட்டுவதும்

சுரண்டி எடுப்பது சின்ன, சாதுவான கட்டிகளுக்கு இன்றும் நல்ல வழி. திரும்பி வரும் விகிதம் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. பத்தில் ஒன்று முதல் கிட்டத்தட்ட பாதி வரை சொல்கிறார்கள், ஆக்ரோஷமான வகையில் அதற்கும் மேல். குழந்தைகளிடம் சுரண்டும்போது உள்ளே காத்திருக்கும் நிரந்தரப் பற்களின் மொட்டுகளும் சேர்ந்து போய்விடும். செரூபிசம் வேகமாக வளரும் வயதில் கை வைத்தால் ரத்தப்போக்கும் அதிகம். நூனன் குழந்தை என்றால் ஆபரேஷனுக்கு முன் இதயத்துக்கு எக்கோவும் ரத்தம் உறையும் பரிசோதனையும் கட்டாயம். அந்தப் பிள்ளைகளுக்கு இதய வால்வு குறுகலும், ரத்தம் சீக்கிரம் நிற்காத குணமும் சேர்ந்தே வருவது உண்டு.

தாடையின் ஒரு பகுதியையே வெட்டி எடுத்துவிட்டு, காலின் வெளிப்பக்க மெல்லிய எலும்பை ரத்தக்குழாயோடு கொண்டுவந்து அங்கே பொருத்துவது கடைசி வழி. கட்டி திரும்பி வருவது மிகக் குறைவு என்பதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. வெட்டியதைத் திரும்பக் கட்டும் கலை வேலூருக்கு அந்நியமும் இல்லை. 1940-களின் இறுதியிலேயே டாக்டர் பால் பிராண்ட் இங்கே தொழுநோயாளிகளின் கைகளுக்குத் தசைநாண் மாற்றி உயிர் கொடுத்தார். ஆனால் குழந்தைக்கு இதன் பாக்கி நீளமானது. கால் எலும்பு தாடை எலும்பைப் போல வளராது, முகம் ஒரு பக்கம் சாய வாய்ப்புண்டு. எலும்பு எடுத்த காலில் கணுக்கால் வெளிப்பக்கமாகக் கோணலாம், அதைத் தடுக்கக் கணுக்கால் பக்கத்து எலும்புகளை ஒன்றோடொன்று பூட்டி வைக்கிறார்கள். நரம்பைக் காப்பாற்ற முடியாவிட்டால் உதடு நிரந்தரமாக மரத்துப்போகும். பல் இம்பிளான்ட் வளர்ச்சி முடிந்த பிறகுதான். ஆக ‘ஒரேயடியாக’ என்று ஆரம்பித்தது மூன்று நான்கு ஆபரேஷனாக நீளலாம்.

அப்படியும் சில குழந்தைகளுக்கு இதுதான் சரி. தாடைச் சுவர் உடைந்து, ஊசியும் சுரண்டலும் தோற்று, மூச்சுக்கோ கண்ணுக்கோ ஆபத்து என்றால் வயதைக் காரணம் காட்டித் தள்ளிப்போடுவதும் தவறுதான். குழந்தைகளிடம் வேகமாக வளரும் ஆசிஃபையிங் ஃபைப்ரோமாவிலும் நான் தயங்க மாட்டேன்.

ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவில் கணக்கு மாறும். அது வளர்ச்சிக் காலம் முடிந்ததும் பெரும்பாலும் வேகம் குறையும் நோய். எலும்பு மருந்துகள் வலியைக் குறைக்கும், உருவத்தைக் குறைக்காது. வளர்ச்சி ஹார்மோன் அதிகமாக இருந்தால் முதலில் அதை அடக்க வேண்டும், இல்லையென்றால் செதுக்கிய இடம் மறுபடி மேடாகும். கண் நரம்பைச் சுற்றி எலும்பு இருக்கிறது என்பதற்காக மட்டும், பார்வை நன்றாக இருக்கும்போது முன்கூட்டியே ஆபரேஷன் செய்வதை இப்போது தவிர்க்கிறார்கள்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு வழியையும் பேசிவிடலாம். எலும்பு என்றால் ஆந்திர எல்லை தாண்டிப் புத்தூர் கட்டுக்குப் போவது இங்கே தலைமுறைப் பழக்கம். முறிந்த கைக்கு அதில் நம்பிக்கை இருப்பவர்களோடு நான் வாதிடுவதில்லை. ஆனால் உள்ளே ஓடு போல மெலிந்த தாடையை நீவுவதும் இறுக்கிக் கட்டுவதும் அதை உடைத்துவிடும். சித்த மருந்து எடுப்பவர்கள் அதை மறைக்காமல் சொல்லுங்கள். சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம், பவளப் பற்பம் எல்லாமே கால்சியம்தான். பாராதைராய்டு கோளாறு உள்ள குழந்தைக்கும் டெனோசுமாப் நிறுத்திய குழந்தைக்கும் அது எரிகிற இடத்தில் எண்ணெய்.

பணமும் காகிதமும்

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு; ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், விஏஓவிடம் வருமானச் சான்று வாங்க வேண்டும். இந்தத் திட்டம் ஆபரேஷனை மனதில் வைத்து அமைந்தது. அனுமதிக்கு வெளியே கொடுக்கும் ஊசிக்கும் மரபணுப் பரிசோதனைக்கும் பணம் வருமா என்பதை ஆஸ்பத்திரிக் காப்பீட்டு கவுன்ட்டரில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ‘இதற்குக் காப்பீடு உண்டு’ என்பதற்காகக் கத்தியையும், ‘இல்லை’ என்பதற்காகக் காத்திருப்பதையும் தேர்ந்தெடுக்கும் நிலைமை வரக்கூடாது, ஆனால் வருகிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியில் ஆரம்பப் பரிசோதனைகளை முடித்துக்கொண்டு, இரண்டாவது கருத்துக்குச் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு ஒருமுறை போய்வருவதும் நல்ல யோசனை.

எங்கே போனாலும் பயாப்சியின் ஸ்லைடையும், மெழுகில் பதித்து வைத்த பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிடி ஸ்கேன் ஃபிலிம் மட்டும் போதாது, அதன் டிஸ்க் வேண்டும். ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவில் மரபணு பார்ப்பதற்கு அந்தத் திசுவே தேவைப்படலாம், இன்னொரு ஆஸ்பத்திரியில் காட்டும்போது மறுபடி பயாப்சி எடுக்கும் வேலையும் மிச்சம். பல ஆஸ்பத்திரிகளில் எழுதிக் கொடுத்துத்தான் வாங்க முடியும், ஒரு நாள் கூடுதலாக ஆகலாம். ஊருக்குப் பஸ் ஏறும் முன்பே வாங்கிவிடுங்கள்.